எப்பிடித் தெரியும், பிள்ளை?

ஒன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்க மூன்று வருசம் என்ன படிப்பு என்று இன்னமும் கேட்கிறார்கள். கோயில் வீதியில் கேட்கிறார்கள், கலியாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், சாவகச்சேரிச் சந்தையில் தேங்காய்க்கு விலை பேசிக்கொண்டு நிற்கும்போதும் கேட்கிறார்கள். யாரும் குத்தலாகக் கேட்பதில்லை, அறியத்தான் கேட்கிறார்கள். அ, ஆ எல்லாருக்கும் தெரியும். ஒன்று, இரண்டு எல்லாருக்கும் தெரியும். பிறகு மூன்று வருசம் எதற்கு? நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. ஆறுதலாக இருந்து எழுதினால்தான் சரிவரும் என்று இன்றைக்கு இருந்துவிட்டேன்.

முதலில் விவரம். ஏ.எல். எடுத்து, வர்த்தமானி பார்த்து, விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வுக்கும் போய், யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி நெறிக்குச் சேர்ந்தேன். பெயரில்தான் யாழ்ப்பாணம், கல்லூரி இருப்பது கோப்பாயில். 1923 இல் தொடங்கிய ஆசிரியர் கலாசாலையும் அதே கோப்பாயில்தான் இருக்கிறது. வாத்திமாரை உருவாக்குகிற ஊர் என்று கோப்பாயைச் சொன்னால் பொருந்தும். முதல் இரண்டு வருசமும் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருசம் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டுறு பயில்வு. நான் இப்போது அந்த மூன்றாம் வருசத்தில், தென்மராட்சிக் கிராமம் ஒன்றில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் நிற்கிறேன். வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் என் பொறுப்பு. யாராவது ரீச்சர் லீவு என்றால் மூன்றும் நாலும் சேர்ந்துவிடும்.

கல்லூரியில் முதலில் பழக்கியது கையை. கரும்பலகைக்கு நேரே திரும்பி வகுப்புக்கு முதுகைக் காட்டக் கூடாது. பக்கவாட்டில் நின்று, ஒரு கண் பிள்ளைகளில் இருக்க, எழுத்து மேலே ஏறாமலும் கீழே இறங்காமலும் உறுப்பாக எழுத வேண்டும். இதற்கென்று பின்னேரங்களில் வெறும் வகுப்பறையில் நின்று பழகியிருக்கிறோம். உடுப்பெல்லாம் வெண்கட்டித் தூள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஒன்றாம் வகுப்புக்குள் போன பிறகுதான் முழுதாக விளங்கியது. ஐந்து வயதுப் பிள்ளை எழுத்தைப் பார்க்கிறதுக்கு முதல் ரீச்சரின் கையைத்தான் பார்க்கிறது. ‘ட’ எழுதும்போது கை மேலிருந்து இறங்கி வலப்பக்கம் போகிறது என்றால், முன்வாங்கில் இருக்கிற பிள்ளையின் விரலும் காற்றில் அப்படியே இறங்கி வலப்பக்கம் போகும். கையை மறைத்துக்கொண்டு எழுதி முடித்துவிட்டு விலகினால் பிள்ளை காண்பது முடிந்துபோன எழுத்தை மட்டும். பிறகு அது கீழேயிருந்து தொடங்கும், வலமிருந்து தொடங்கும், எழுத்து வந்துவிடும், எழுதுகிற வழி வராது.

அடுத்தது குரல். வகுப்பு முழுக்கக் கதைக்கும்போது அதற்கு மேலாகக் கத்தலாம். ஆனால் சத்தம் போட்டால் பிள்ளைகள் இன்னும் சத்தமாகக் கதைப்பார்கள், ஏனென்றால் ரீச்சரின் சத்தத்துக்கு மேலால் பக்கத்திலிருப்பவனுக்குக் கேட்க வேண்டுமே. எங்களுக்குப் பழக்கிய வழி கைதட்டுவது. நான் ஒரு தாளம் தட்டுவேன், அவர்கள் அதைத் திருப்பித் தட்ட வேண்டும். முதல் தாளத்துக்கு நாலைந்து பேர், இரண்டாவதுக்குப் பாதி வகுப்பு, மூன்றாவதுக்கு எல்லாரும். கதைத்துக்கொண்டே தாளம் பிடிக்க ஏலாது, வாய் தானாக மூடிவிடும். அதற்குப் பிறகு நான் மெல்லத்தான் கதைப்பேன். மெல்லக் கதைத்தால் ஏதோ இரகசியம் என்று எல்லாரும் முன்னுக்குச் சாய்வார்கள்.

கைப்பையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்பதையும் யாராவது பாடமாக வைக்கலாம். ஊசி, நூல், சட்டைப் பின், பிளாஸ்ரர், கட்டர், நாலைந்து பென்சில். இவற்றோடு சுத்தமான கடதாசித் துண்டுகள் கட்டாயம் வேண்டும், பல்லுக்காக. ஒன்றாம், இரண்டாம் வகுப்பு என்றால் பால்பல் விழுகிற வயது. பாட்டுப் பாடும்போது விழும், பாண் கடிக்கும்போது விழும். விழுந்த பல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்க வேண்டும் என்பதால் அது மிகப் பெறுமதியான பொருள். தொலைந்தால் அன்றைக்கு வகுப்பே நடக்காது. கடதாசியில் சுற்றி, பெயர் எழுதி, பென்சில் பெட்டிக்குள் வைத்து, இடைக்கிடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு ஒரு நண்பனையும் நியமித்த பிறகுதான் கணிதம் தொடங்கலாம்.

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெற்றாரோடு அதிகம் கதைக்க வேண்டி வருவது இதைப் பற்றித்தான். 1990களின் இறுதியில் ஆரம்பக் கல்வியைத் திருத்தியபோது ஒன்றாம், இரண்டாம் தரங்களை முதன்மை நிலை ஒன்று என்று வகுத்து, அதில் விளையாட்டுக்கு முதலிடம், செயற்பாட்டுக்கு இரண்டாமிடம், எழுத்து வேலைக்கு மூன்றாமிடம் என்று வைத்தார்கள். மூன்றாம், நாலாம் தரங்களில் செயற்பாடு முன்னுக்கு வரும், ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை கூடும். இது வெறும் காகிதத்தில் இருக்கிற ஒழுங்கு இல்லை, பிள்ளையின் விரல் எலும்பும் பொறுமையும் வளர்கிற ஒழுங்கு. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் படலையடியில் நிற்கிற அம்மாமார் முதலில் திறப்பது கொப்பியைத்தான்.

“ரீச்சர், இண்டைக்கு ஒண்டும் எழுதேல்லையோ?”

“எழுதேல்லை அம்மா. புளியங்கொட்டை விளையாடினவை.”

அம்மாவின் முகத்தைப் பார்த்தால் விளையாடுகிறதுக்கு வீட்டில் இடமில்லையா என்ற கேள்வி தெரியும். அதனால் நான் இப்போது விளையாட்டை அவர்களுக்கும் செய்து காட்டுகிறேன். ஐந்து புளியங்கொட்டை எடுத்து, ஒரு பக்கத்தைச் சீமெந்தில் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். கைக்குள் குலுக்கி எறிந்தால் சிலது வெள்ளையாக விழும், சிலது கறுப்பாக விழும். எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு? மூன்றும் இரண்டும். நாலும் ஒன்றும். சிலநேரம் ஐந்தும் ஒன்றுமில்லாததும், அப்போது எழும்புகிற சத்தம் பக்கத்து வளவுக்குக் கேட்கும். ஒரு காலை முழுக்க எறிந்த பிள்ளைக்கு ஐந்து என்பது எத்தனை விதமாகப் பிரியும் என்று கை அறிந்துவிடும். பிறகு 3 + 2 என்று கொப்பியில் எழுதுவது ஏற்கெனவே தெரிந்த ஆளுக்குப் பெயர் வைக்கிற வேலை மட்டும்தான். செய்து காட்டிய அன்றைக்கு ஒரு அம்மா வாங்கில் இருந்து நெடுநேரம் எறிந்துகொண்டிருந்தா. மகன்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

இதெல்லாம் பழகினால் வருகிற வித்தைகள். ஆனால் மூன்று வருசம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் சொல்ல வந்த பதில் வேறு.

1896 இல் சுவிற்சர்லாந்தில் பிறந்த ஜீன் பியாஜே என்ற மனிதரைத் தெரியாமல் உலகத்தில் யாரும் ஆசிரியப் பயிற்சியை முடிக்க முடியாது. அவர் வகுத்த வளர்ச்சிப் பருவங்களை எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம். எனக்குப் பிடித்தது பருவங்களுக்கு முந்திய கதை. இளவயதில் அவர் பாரிசில் பிள்ளைகளுக்கு நுண்மதிப் பரீட்சை வைக்கிற வேலைக்குப் போனார். வேலை, விடைகளைத் திருத்தி எண்ணுவது. அவருடைய கண் போனதோ பிழையான விடைகளில். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரியான பிழையை விடுகிறார்கள் என்றால் அது கவனக்குறைவாக இருக்க முடியாது, அந்த வயதின் யோசனை அப்படித்தான் போகிறது என்று அவருக்குப் பட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கத் தொடங்கினார். பிறகு அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்தக் கேள்வியைத்தான்.

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, ஒரு கொப்பியை எடுத்து, பிள்ளைகள் சொல்கிற பிழையான விடைகளை மட்டும் எழுதச் சொன்னார். பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், அந்த விடை எப்படி வந்தது என்று பிள்ளை சொன்ன காரணம். நான் அந்தக் கொப்பியைக் கற்பித்தல் பயிற்சியில் தொடங்கினேன், இன்னும் எழுதுகிறேன். அதை வைத்திருப்பதால் சொல்கிறேன்: காரணம் இல்லாத பிழை மிக அரிது.

பியாஜேயின் பெயர்பெற்ற சோதனையையே எடுங்கள். ஒரே அளவான இரண்டு கிளாசில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை ஒடுங்கிய உயரமான கிளாசுக்கு மாற்றினால் சின்னப் பிள்ளை உயரமானதில்தான் கூட இருக்கிறது என்று சொல்லும். ஏழு வயதளவில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லத் தொடங்கும். நான் இதைத் தேசிக்காய்த் தண்ணியில் செய்து பார்த்தேன், பிறகு குடிக்கலாம் என்பதால் எல்லாருக்கும் அக்கறை. பெரும்பாலானவர்கள் புத்தகத்தில் இருந்தபடியே உயரமான கிளாசைக் காட்டினார்கள். ஒரு சின்னவள் மட்டும், “இதிலை குறைவு” என்று அதே உயரமான கிளாசைக் காட்டினாள்.

“எப்பிடித் தெரியும், பிள்ளை?”

“ரீச்சர் ஊத்தேக்கை பழைய கிளாசிலை ஒரு சொட்டு ஒட்டிப்போட்டு நிண்டுட்டுது.”

எடுத்துப் பார்த்தேன். வெறுங் கிளாசின் அடியில் ஒரு சொட்டு நின்றது.

இன்னொரு நாள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுப் படம் கீறச் சொன்னோம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வருகிற பாடம். ஒரு பெடியன் ஏழு பேர் என்றான். இடாப்பில் இருக்கிற விவரப்படி ஐந்து பேர். விரல் மடக்கி எண்ணினான்: அப்பா, அம்மா, அப்பம்மா, தங்கச்சி, நான், லட்சுமி, லட்சுமியின்ர கண்டு. லட்சுமி ஒரு பசு. அவனோடு பக்கத்துப் பிள்ளை வாதாடினாள், மாடு ஆள் இல்லை என்று. அவன் கேட்டான், “அப்ப ஏன் அப்பா ராத்திரி அதைப் பாக்க எழும்புறவர்?” கண்டு போட்ட கிழமை அது. படத்தில் ஏழு பேரும் இருக்கட்டும் என்று விட்டேன். அடுத்த நாள் வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் நாயும் பூனையும் கோழியும் சேர்ந்துவிட்டன. நாங்கள் இரண்டு வளையம் கீறி, மனிதர் ஒன்றில், விலங்கு மற்றதில், எல்லாரையும் சுற்றிப் பெரிய வளையம் ஒன்று என்று வைத்தோம். தொடைப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

என் கொப்பியில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் ‘பனை’யைப் பற்றியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வீட்டு வேலை எழுதிக்கொண்டு வந்தாள். பனை, யானை, தலை, வாழையிலை. எல்லாச் சொல்லிலும் கடைசி எழுத்து விசித்திரமாக, எழுத்தின் முன்னால் ஒரு தும்பிக்கை சுருண்டு மேலே எழும்பியிருந்தது. பக்கத்திலிருந்த பிள்ளைகள் “யானை எழுதச் சொல்ல யானை கீறியிருக்கிறாள்” என்று சிரித்தார்கள். அவள் அழவில்லை. “இது சரி” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“அப்பம்மா எழுதுறவ.”

அவளுடைய அப்பம்மா எழுதியது பழைய எழுத்து. 1978 இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகள் மாறியபோது, ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கையை இழந்தன. இங்கேயும் பாடநூல்கள் பிறகு அந்த வழிக்கு வந்துவிட்டன. ஆனால் மாற்றத்துக்கு முன் படித்த கைகள் மாறவில்லை, அப்பம்மாமாரின் கடிதங்களில் இன்னும் தும்பிக்கை சுருள்கிறது. அப்பம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டோம். வெள்ளைச் சேலையில் வந்து, வெண்கட்டியை எடுத்து, பலகையில் பழைய ‘னை’யை ஒரே இழுப்பில் எழுதிக் காட்டினா. சிரித்த பிள்ளைகள் எல்லாரும் அன்று முழுக்க அதையே எழுதிப் பழகினார்கள். புது எழுத்தில் எழுத வேண்டும் என்று பிறகு சொல்லிக் கொடுப்பது லேசாகவே இருந்தது. “உங்கட எழுத்து ஒண்டு, அப்பம்மான்ர எழுத்து ஒண்டு” என்று அவர்களே பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

அப்பம்மாவுக்குப் படிப்பித்த வாத்தியார் திருநெல்வேலி சைவாசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றவராம். அந்தக் கலாசாலையில் 1929 முதல் 1959 வரை தமிழ் படிப்பித்தவர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை, எங்கள் தென்மராட்சியில் மட்டுவிலில் பிறந்தவர். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் குடாநாட்டின் மூலை முடுக்குப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் வெண்கட்டி பிடித்திருக்கிறார்கள். மட்டுவில் என்றால் எல்லாருக்கும் கத்தரிக்காயும் பன்றித்தலைச்சி அம்மன் பொங்கலும்தான் நினைவுக்கு வரும். ஆசிரியர்களுக்கு ஆசிரியரைத் தந்த ஊர் என்பதையும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிற மூத்த ரீச்சர் ஒருவர் இருக்கிறா. என்னைப் “பிள்ளை” என்றுதான் கூப்பிடுவா. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது அவ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவ. ஒரே பள்ளிக்கூடம் காலையில் ஒன்று, பின்னேரம் இன்னொன்று என்று நடந்ததாம். வாங்கு போதாது, பலகை போதாது, கொப்பி அறவே இல்லை. மாமரத்தடியில் மண்ணைப் பரப்பி, விரலால் எழுத வைத்தாவாம். இப்போது கொப்பியும் இலவசப் பாடநூலும் நிறைவாக இருக்கிறபோதும் அவ மண்ணை விடவில்லை. ஒன்றாம் வகுப்புக்குப் பின்னால் மண் பரப்பிய ஒரு மூலை இன்றும் இருக்கிறது. “மண்ணில அழிக்கிறதுக்கு றப்பர் தேவையில்லை, பிள்ளை. கையால தடவினா போச்சு. அதால பிழை விடப் பயம் வராது” என்று சொன்னா. கொப்பியில் அழித்து அழித்து ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்துக் கண்கலங்குகிற பிள்ளையை, நான் இப்போது நேரே மண் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதிய விரலுக்கு மண்ணில் எழுதுவது புதிதில்லை. விரல் அந்த வளைவை உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

ரயில் பற்றி ஒரு சின்ன விசயம். 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. என் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், எப்போதும் ரயில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். ஆனாலும் சத்தம் கேட்டால் ஒருவர் மிச்சமில்லாமல் சன்னலுக்கு ஓடுவார்கள். பாடக்குறிப்பில் அந்த நேரத்துக்கு எதை எழுதி வைத்தாலும் நடக்காது. ஆகவே அந்த நேரத்தில் பெட்டி எண்ணுகிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டு கட்சி பிரிந்து ஒன்று கூடக் குறையச் சொல்லும். கேட்டுப் பார்த்தால், ஒரு கட்சி எஞ்சினையும் சேர்த்து எண்ணுகிறது. “எஞ்சினும் போகுதுதானே!” எண்ணத் தொடங்க முதல் எதை எண்ணப் போகிறோம் என்று பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

கதைக்காத பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். எல்லா ஒன்றாம் வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். கால்கோள் விழாவில் இரண்டாம் வகுப்பு அக்கா கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்திய இடத்திலேயே இருந்து, வாரக்கணக்காக வாய் திறக்காமல் இருப்பார். அவரைக் கதைக்கச் சொல்லி வற்புறுத்துவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். கல்லூரியில் நாங்கள் பழைய காலுறையில் பொம்மை செய்யப் பழகினோம். இரண்டு பொத்தான் கண், சிவப்புத் துணி வாய். என் பொம்மைக்குச் சரியாகக் காது கேட்காது, அதனால் பிள்ளைகள் அதன் காதுக்குள் போய்த்தான் கதைக்க வேண்டும். என்னோடு ஒரு சொல் கதைக்காத பிள்ளை, அந்தக் காலுறையின் காதுக்குள் தன் வீட்டுக் கோழி அடைகாக்கிற கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொன்னது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், கேட்காத மாதிரி. ‘டோட்டோ-சான்’ வாசித்தவர்களுக்கு, முதல் நாளே அந்தச் சிறுமியின் கதையை நாலு மணித்தியாலம் இருந்து கேட்ட தலைமை ஆசிரியர் கொபயாஷியை ஞாபகம் இருக்கும். எங்களுக்கு நாற்பது நிமிடப் பாடவேளைதான். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையை முழுதாகக் கேட்க நேரம் கண்டுபிடிக்கலாம். இடைவேளையில் கண்டுபிடிக்கலாம், கை கழுவுகிற வரிசையில் கண்டுபிடிக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கிறவர்கள், பெரும்பாலும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில், 1945 இல் இலவசக் கல்வி வந்ததை ஒட்டி, வசதியில்லாத கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு அனுப்பவென்று உருவான பரீட்சை அது. நல்ல நோக்கம், அதனால் உயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. இன்றைக்கு மூன்றாம் வகுப்பிலேயே மாதிரி வினாத்தாள் தொடங்கிவிடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை, விடைக்குக் கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடப் பழகுகிறது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் என்ன யோசனை இருந்தது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் நிழல் இரண்டாம் வகுப்புக்குள் விழக்கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு உறுதி என்றால், மாணவர் சந்தையில் கண்டதால்.

தெரியாதவர்களுக்கு: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வீட்டு வளவில் விளைந்ததைக் கொண்டுவந்து, பள்ளிக்கூட முற்றத்தில் சாக்கு விரித்துக் கடை போடுவார்கள். அதிபர், ரீச்சர்மார், அம்மா அப்பாமார், அயலட்டை எல்லாரும் வந்து காசு கொடுத்து வாங்க வேண்டும். எங்கள் வேப்பமரத்தடியில் அன்று முருங்கைக்காய், மாங்காய், பலாச்சுளை, கத்தரிக்காய், வல்லாரை, பனங்கிழங்கு, பப்பாப்பழம், ஒரு கூடை கோழி முட்டை எல்லாம் வந்திருந்தன. ஒருத்தி வேலியில் ஆய்ந்த செவ்வரத்தம்பூவைக் கட்டுக் கட்டாகக் கட்டி, “சாமிக்கு வையுங்கோ” என்று கூவி விற்றாள். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் வகுப்புத் தம்பி ஒருவன் தேசிக்காய் வைத்திருந்தான். கணிதத்தில் பிந்திய பிள்ளை என்று பெயர். ஒரு குவியல் 65 ரூபாய். நான் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அவன் பேணிக்குள் கையை விட்டு, “அறுவத்தைஞ்சு” என்று சொல்லி, ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை என் கையில் வைத்து “எழுவது” என்றான். பிறகு பத்து ரூபாய்க் குற்றிகளாக, “எண்பது, தொண்ணூறு, நூறு. சரியோ ரீச்சர்?” நிமிர்ந்து பார்க்கவே இல்லை, அடுத்த ஆளுக்குத் தேசிக்காய் அள்ளிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவனுடைய கொப்பியை எடுத்து 100 − 65 என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக வடிவாக எழுதி, கோடு கீறி, விடை போட்டான்: 165.

“எப்பிடி வந்தது, ராசா?”

“பூச்சியத்திலயிருந்து அஞ்சை எடுக்கேலாது. அதால அஞ்சிலயிருந்து பூச்சியத்தை எடுத்தனான். பெரிசிலயிருந்துதானே சின்னதை எடுக்கிறது?”

பெரியதிலிருந்துதான் சின்னதை எடுக்க முடியும் என்று எப்போதோ ஒருநாள் அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவன் அந்த விதியை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறான். “நேற்று நான் நூறு ரூபா தந்தன். 65 ரூபாய்க்குத் தேசிக்காய். நீ எனக்கு 165 ரூபா மிச்சம் தந்தனியோ?” என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நேற்று என் கையில் வைத்த மாதிரியே வை என்று குற்றிகளைக் கொடுத்தேன். வைத்தான். பிறகு ஒரு கோடு கீறி, 65 இல் நின்று 70 க்கு ஒரு பாய்ச்சல், அங்கிருந்து பத்துப் பத்தாக மூன்று பாய்ச்சல் என்று வரைந்தோம். பாய்ச்சல்களைக் கூட்டினான். 35. அதை அவன் கொப்பியில் எழுதவில்லை, முதலில் என்னைப் பார்த்து, “இதுவும் கணக்கோ ரீச்சர்?” என்று கேட்டான்.

1985 இல் பிரேசிலில் டெரெசீனா கராஹேர், டேவிட் கராஹேர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். ரெசீஃப் நகரத்துத் தெருவில் பொருள் விற்கிற ஐந்து பிள்ளைகளிடம் போய், வாடிக்கையாளர்கள் போல நின்று கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடை சரி. அதே பிள்ளைகளை இருத்தி, அதே எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் சரி. அதில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தேங்காய் விற்றவன். ஒன்று 35, பத்துக்கு எவ்வளவு என்றால், மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210 என்று மூன்று மூன்றாகவே ஏறி, கடைசி ஒன்றையும் சேர்த்து 350 க்கு வந்துவிடுவான். இதைப் படித்தபோது எனக்குச் சாவகச்சேரிச் சந்தையில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் அப்பாவோடு நிற்கிற பெடியன்கள் அத்தனை பேரின் முகமும் வந்தது. அவர்களில் எத்தனை பேரைக் கணக்கு ஓடாத பிள்ளை என்று கடைசி வாங்கில் இருத்தியிருக்கிறோம்? கணக்கு அவர்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொப்பியில் நாங்கள் எழுதுகிற கணக்கும் அவர்கள் பேணிக்குள் போடுகிற கணக்கும் ஒன்றுதான் என்று காட்டிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாவதற்குத்தான் மூன்று வருசம். அதுவும் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த தவணையும் சந்தை வைக்கிறோம். இந்த முறை நிறுத்து விற்கவும் பிள்ளைகளுக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் இருப்பது டிஜிற்றல் தராசு. வைத்தவுடன் எண்ணைக் காட்டிவிடுகிறது, பிள்ளைக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் விடுவதில்லை. சிரட்டையும் கயிறும் வைத்து நாங்களே செய்த தராசு புளியங்கொட்டைக்குச் சரி, கத்தரிக்காய்க்குத் தாங்காது. கொடிகாமம், மீசாலை, நுணாவில் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இரண்டு தட்டும் படிக்கல்லும் உள்ள பழைய இரும்புத் தராசு இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ, நானே வந்து எடுக்கிறேன். படிக்கல்லில் ஒன்றிரண்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. 200 கிராம் இல்லாவிட்டால் பைக்குள் மண்ணைப் போட்டு, மற்றக் கல்லுகளோடு வைத்துப் பார்த்து, பிள்ளைகளே அதைச் செய்துவிடுவார்கள்.